இரவல் கிடைக்கும்வரை

ஜன்னலைச் சாத்தச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. கொஞ்ச நாளாகத் தெருவில் லாரி போனாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எழுதுகிற வேகத்துக்கே நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். முதலில் இதை எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். பதினேழு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மற்றவர்கள் கொண்டுவரும் கணக்கில் பொய் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பிறகு அதை விட்டுவிட்டு, தனியாக ஒரு அறை எடுத்து, அதே காரியத்தை எனக்காகச் செய்ய ஆரம்பித்தேன். பொய் சொல்லும் நிறுவனத்தைக் கண்டுபிடிப்பேன். அதன் பங்கை இரவல் வாங்கி விற்பேன்.

இது என்ன வியாபாரம் என்று என் தங்கையும் ஒருநாள் கேட்டாள். அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே நான், மேலே அவள். அவள் கணவர் பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவளுக்கு இப்படி விளக்கினேன்: பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சைக்கிளை இரவல் வாங்குகிறாய். இன்றைக்கே அதைப் பத்தாயிரத்துக்கு விற்றுவிடுகிறாய். அடுத்த மாதம் அதே சைக்கிள் ஆறாயிரத்துக்குக் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். வாங்கி அவர் வாசலில் நிறுத்திவிட்டால் நாலாயிரம் உன்னுடையது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவர் நடுவுல வந்து சைக்கிளைக் கேட்டா என்ன பண்ணுவ?"

"கேக்க மாட்டார்."

"கேட்டா? அன்னைக்குன்னு சைக்கிள் முப்பதாயிரம் வித்தா?"

நான் சிரித்து மழுப்பினேன். இந்தத் தொழிலில் இருக்கும் ஆபத்து மொத்தமும் அந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும். விலை இறங்கினால் பூஜ்யத்தில் போய் நின்றுவிடும். ஏறினால் எங்கே நிற்கும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பயந்தவன் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தான் என்று கேட்பீர்கள். பயந்தவனுக்குத்தான் மற்றவர்கள் சொல்வதில் நம்பிக்கை வராது. அதுதான் இங்கே முதலீடு.

நான் கடைசியாகக் கண்டுபிடித்த அந்த எரிபொருள் நிறுவனம் மிகச் சின்னது. உணவகங்களில் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கி, மெத்தனால் கலந்து, டீசலாக மாற்றுவார்கள். நல்ல காரியம், செய்தால். ஒரு நாளைக்கு நாற்பது லாரி எண்ணெய் வருவதாக ஆண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். ஆலைக்கு எதிரே இருக்கும் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவரோடு பேச்சுக் கொடுத்தபடி நான்கு நாள் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு நாளும் பதினொன்றைத் தாண்டவில்லை. எனக்கு அது போதும்.

தங்கை அந்த ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதில் நான் கண்டிப்பானவன். நிறுவனம் விழுந்தால் அவள் வேலையும் போகும் என்று யோசிக்காமலும் இல்லை. படித்தவள், இன்னொரு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

சிரமம் வேறு இடத்தில் இருந்தது. சின்ன நிறுவனம் என்பதால் பங்கில் பெரும்பகுதி முதலாளி குடும்பத்தின் பெட்டிக்குள் இருந்தது. வெளியே புழங்குவது கொஞ்சம்தான். இரவல் தரக்கூடியவர் ஊரிலேயே ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். என் தரகர் அவரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். அதற்குத் தினசரி வாடகை உண்டு. பங்கு ஒன்று நாற்பத்தொரு ரூபாய்க்கு விற்றேன்.

விலை இறங்கவில்லை. யாரோ ஒரு மந்திரி சுத்தமான எரிபொருள் பற்றிப் பேசினார்; ஐம்பத்தெட்டு. ஒரு விமான நிறுவனம் சாம்பிள் கேட்டு வாங்கியதாகச் செய்தி வந்தது, எழுபத்தேழு. என் கணிப்பு தப்பில்லை, ஐயா. லாரி பதினொன்றுதான். ஆனால் சந்தை லாரியை எண்ணுவதில்லை. விலை ஏற ஏற, ஒவ்வொரு நாளும் தரகர் கூடுதல் ஈடு கேட்டார். வீட்டை அடகு வைத்தேன். அது இருவர் பேரிலும் இருந்த வீடு. காகிதத்தை நீட்டியபோது தங்கை அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். எங்கே போடணும் என்று மட்டும் கேட்டு, கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அப்போது எனக்கு இருந்த பயத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? சட்டைப் பையில் போன் அதிர்ந்தால் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் எடுப்பேன். போன் அதிராதபோதும் எடுத்துப் பார்ப்பேன். பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் வாயைப் பார்த்தால் அந்த டாக்டர் ஞாபகம் வரும். பிடுங்கிப் பழகிய கை அல்லவா என்று நினைத்துக்கொள்வேன். அப்படியேதான் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை தரகர் கூப்பிட்டார்.

"சார், டாக்டர் பங்கைத் திருப்பிக் கேக்கறாரு. மூணு நாள் டைம் இருக்கு."

மூன்று நாளில், இல்லாத பங்கை, ஏறுகிற சந்தையில் நான் வாங்கியாக வேண்டும். நான் வாங்க வாங்க விலை இன்னும் ஏறியது. தொண்ணூற்றாறில் முடித்தேன். வீட்டில் பாதிக்கு மேல் போயிற்று. தங்கையின் பாதி எது, என் பாதி எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கடிதத்தோடு கீழே வந்தாள்.

ஆலையில் மெத்தனால் ஏற்றும் பம்பு அறையில் ஆவி கசிகிறது என்றாள். கசிவு இருந்தால் கத்துவதற்கு ஒரு கருவி உண்டு. அது நாள் முழுக்கக் கத்தி, கத்தும்போதெல்லாம் வேலை நின்றதால், மேலாளர் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். இவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். வேலையைப் பார் என்றிருக்கிறார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தாள். அந்த அலுவலகம் என் அறைக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் வாசல்.

"என் பேர் வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். நீயே கையில குடுத்துடு அண்ணா. தபால்ல போட்டா எவன் கையில சிக்குமோ."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்தது. மெத்தனால் பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாதாம். புகையும் இருக்காது. ஆள் உள்ளே போய் நின்ற பிறகுதான் எரிகிறோம் என்பதே தெரியுமாம். அவளுக்கு அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கால் கூசுகிறது என்றாள். நானும் பயந்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

திங்கட்கிழமை காலை என் மேஜையில் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். நல்ல கடிதம். தேதி, அளவு, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இருந்தது. கணக்கு சரிபார்த்தவன் என்ற முறையில் மெச்சினேன். இது எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தால் மறுநாளே ஆலையை மூடுவார்கள், பங்கு பாதியாகும் என்பது எனக்கு உடனே தெரிந்தது. என் கையில்தான் அன்றைக்கு ஒரு இரவல் பங்கும் இல்லை. நான் இல்லாமலே விலை விழப்போகிறது. மூன்று மாதம் நான் செத்துப் பிழைத்துக் காத்திருந்த வீழ்ச்சி.

தரகரைக் கூப்பிட்டேன். எங்கேயும் ஒரு பங்குகூட இரவலுக்கு இல்லை என்றார். தேடச் சொன்னேன். ஒரு நாள் பொறுத்துக் கொடுப்பதில் என்ன ஆகிவிடப்போகிறது? கசிவு நேற்று ஆரம்பித்ததல்ல. வாரக்கணக்கில் கசிந்தது, ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கை கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன். ரசீது எங்கே என்றாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு வேண்டும். மேஜையில் இருக்கிறது, நாளை கொண்டுவருகிறேன் என்றேன்.

ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் எதுவும் விசாரிக்கவில்லை. அலுவலகத்தின் பேர், 'பெறப்பட்டது' என்ற சொல், தேதிக்கு ஒரு கோடு. அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தார். சுருக்கொப்பம்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. போன வருடம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் மக்கர் செய்தபோது அதே அலுவலகத்தில் ஒரு புகார் கொடுத்திருந்தேன். அந்த ரசீது என் கோப்பில் இருந்தது. தபால் வாங்கும் எழுத்தரின் ஒப்பம் அதில் தெளிவாக இருந்தது. நாலைந்து முறை எழுதிப் பழகினேன். தங்கை சீட்டை வாங்கிப் பார்த்து, மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் மனசு லேசாயிற்று. ஒருவருக்கு ஆறுதல் கொடுப்பது தப்பில்லையே.

அந்த வாரம் முழுக்கத் தரகர் தேடினார். கிடைக்கவில்லை. இரண்டு முறை நான் கடிதத்தோடு சாலை ஓரம் வரை போனேன். இரண்டு முறையும் சிக்னல் விழுவதற்குள் திரும்பிவிட்டேன். இரவல் கிடைக்கும் முன்பே கொடுத்துவிட்டால் போன வீடு திரும்பி வராது.

ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குத் தலைவலி. ஆவி ஏறிய தலைவலி என்று அவளே சொன்னாள். ஆய்வாளர் வரும்வரை லீவு போடட்டுமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஆய்வாளர் வருகிற நேரம் பார்த்து நீ லீவில் இருந்தால் யார் எழுதினார்கள் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். தவிர, பிடுங்கின ஒயரை அவருக்குக் காட்ட ஆள் வேண்டாமா என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். லீவு போட்டால் மேலாளர் கேள்வி கேட்பார், விஷயம் முன்கூட்டியே வெளியே வந்துவிடும் என்பது என் கவலை. அதை அவளிடம் சொல்லவில்லை.

கடிதம் கைக்கு வந்த பதினோராம் நாள், வியாழக்கிழமை, தரகர் கூப்பிட்டார். டாக்டர் மனம் மாறிவிட்டார், வாடகை கூட்டிக் கேட்கிறார், இரவல் தருவார் என்றார். காலை பத்து பத்துக்கு நூற்றி மூன்றில் விற்றேன். முதல் தடவை விற்றதைவிட மூன்று மடங்கு. வீட்டில் மிச்சம் இருந்ததையும் அதில்தான் வைத்தேன்.

கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எழுந்தேன். ஆனால் பத்து மணிக்கு விற்று, பதினோரு மணிக்குப் புகார் கொடுத்தால், நாளைக்கு யாராவது இரண்டையும் முடிச்சுப் போடமாட்டார்களா? அந்தப் பயம் நியாயமானதுதான். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுவது என்று தீர்மானித்தேன். வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதாக இருந்தேன். காலையில் அங்கே கூட்டம் அதிகம்.

திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு என் அறையின் கண்ணாடிக் கதவு ஒருமுறை அதிர்ந்தது. ஆலை ஊருக்கு வெளியே ஏழு கிலோமீட்டர். தெருவில் ஆட்கள் நின்று வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் புகை இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

திரையைப் பார்த்தேன். விலை சரிய ஆரம்பித்திருந்தது. தொண்ணூறு, எண்பத்திரண்டு. இங்கே வேகமாக இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் சந்தை வியாபாரத்தையே நிறுத்திவிடும். தரகரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அதே நேரம் தங்கை கூப்பிட்டாள். திரையில் அவள் பேர் தெரிந்தது. அழைப்பைத் துண்டித்தேன். ஒரே போன்தான் இருந்தது, ஐயா. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி துண்டித்தேன். மூன்றாவது முறை தரகர் கிடைத்தார். அறுபத்தொன்றுக்கு எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள் என்றேன். அவர் பொத்தானை அழுத்துவதற்குள் அந்தப் பங்கில் வியாபாரம் நிறுத்தப்பட்டது.

அதன் பிறகு தங்கையைக் கூப்பிட்டேன். யாரோ ஒரு ஆம்புலன்ஸ்காரர் எடுத்தார்.

உள்ளே நடந்தது எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. எனக்கு மருத்துவமனையில் ஆலை ஆட்கள் சொன்னார்கள். பம்பு ஆபரேட்டர் முதலிலேயே போய்விட்டார். அலறல் கேட்டு உள்ளே ஓடிய சுமை தூக்குபவர்கள் இருவருக்கும் தீ இருப்பது தெரியவில்லை. மூன்றாவதாக ஓடின கூட்டுகிற அம்மாவுக்கும் தெரியவில்லை. தங்கைக்கு மட்டும் தெரியும். ஒரு நீளத் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, அது எங்கே பற்றுகிறது என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்திருக்கிறாள். அப்படியே போய், உள்ளே மாட்டிக்கொண்ட வேறு இரண்டு பேரை உயிரோடு வெளியே இழுத்து வந்திருக்கிறாள். துடைப்பம் தீர்ந்த பிறகு கைதான். எனக்கு அவள் கூப்பிட்டது உள்ளே போவதற்கு முன்பா பின்பா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

கட்டுப் போட்ட இரண்டு கையையும் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கைப்பையைத் தேடச் சொன்னாள்.

"உள் ஜிப்புல சீட்டு இருக்கு. போலீஸ்ல குடு அண்ணா. நாம சொன்னோம். அந்த ஆபீஸ்ல இருக்கறவன் அமுக்கி வெச்சுட்டான். நாலு பேர் போயிட்டாங்க."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உங்களிடம்தான் கொடுத்தேன். நீங்கள் எனக்கு நன்றிகூடச் சொன்னீர்கள்.

எழுத்தரை அன்று மாலையே அழைத்துக்கொண்டு போனீர்கள். ஒப்பம் தன்னுடையது போலத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு கடிதத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பேப்பரில் வந்தது. யார் நம்புவார்கள்? நான்கு குடும்பம் வாசலில் நிற்கிறது. முப்பது வருடம் ஒரு காகிதம் தொலைக்காத மனிதர் என்று அவர் மனைவி என் அறைக்கே வந்து சொன்னார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவரும் மனிதர்தானே, மறந்திருப்பார் என்றேன். ஒன்பதாம் நாள் காலை, உங்கள் காவலில் இருந்த எழுத்தர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம்.

நேற்று மருத்துவமனைக்குப் போனபோது தங்கை சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"கடிதாசியை வாங்கினாரே, அந்த ஆள் எப்படி இருந்தார்?"

நல்ல பருமன், ஒரு பக்கம் நூல் கட்டின கண்ணாடி என்றேன். போன வருடம் நான் பார்த்தபோது அப்படித்தான் இருந்தார்.

அவள் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் மனைவி இங்க வந்திருந்தாங்க. அவருக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சாம். அதுக்கப்புறம் கண்ணாடியே போடலியாம்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை ஊன்ற முடியாததால் அதற்கே அவளுக்கு வெகுநேரம் ஆனது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். விலை தொண்ணூறைத் தாண்டினபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஆகவே நானே வந்துவிட்டேன். இதோ அந்தக் கடிதம். மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஸ்டாம்ப் என் மேஜை இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்: கடிதத்தைப் பதினைந்து நாள் வைத்திருந்தது நான். சீட்டைச் செய்தது நான். லீவு போட இருந்தவளை உள்ளே அனுப்பினது நான். நான்கு பேர், எழுத்தரையும் சேர்த்தால் ஐந்து. எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக்கூட நான் விரும்பிச் செய்யவில்லை, ஐயா. எல்லாம் பயத்தில் செய்தது. பயப்படுகிறவன் எப்படிக் கெட்டவனாவான்?

ஒரே ஒரு உதவி வேண்டும். ஆலை விபத்து விசாரணை முடிந்தது என்று உங்கள் அலுவலகம் எழுதிக் கொடுக்கும்வரை அந்தப் பங்கின் மேல் உள்ள தடையை நீக்கமாட்டார்களாம். தரகர் விசாரித்துவிட்டார். டாக்டர் வேறு இரவலைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதால் இனி விசாரிக்க எதுவும் மிச்சமில்லை. இந்த வாரமே உங்கள் அறிக்கை போய்விட்டால் திங்கட்கிழமை சந்தை திறக்கும்போது இரண்டு ரூபாய்க்கோ மூன்று ரூபாய்க்கோ வாங்கி முடித்துவிடலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். எனக்கென்று அதில் ஒரு காசு வேண்டாம். தங்கையின் கைகளுக்கு இன்னும் மூன்று அறுவை சிகிச்சை பாக்கியிருக்கிறது. பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?